லிட்மஸ் மிஸ் போட்ட தப்பு

எங்கள் பள்ளியின் வேதியியல் மிஸ்ஸுக்கு மாணவர்கள் வைத்த பெயர் லிட்மஸ். கோபம் வந்தால் அவருக்குக் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறும். அது ஏறுவதை நின்று பார்க்கலாம். பெயர் அவருக்கும் தெரியும். "வெச்சவன் பாடத்தை ஒழுங்காக் கவனிச்சிருக்கான்" என்று ஒருமுறை வகுப்பிலேயே சொன்னாராம். சிரித்துக்கொண்டு சொல்லவில்லையாம்.

அவரைப் பற்றி எழுத நான் சரியான ஆளா என்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. என்னைப் பிடிக்காது என்பதை அவரும் ஒருநாளும் மறைத்ததில்லை. நல்லது கெட்டது இரண்டையும் நிறுத்துப் பார்த்து எழுதுகிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு அவர் வேதியியல் எடுத்தார். 'பி' பிரிவுக்குத் தற்காலிக ஆசிரியையாக நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் யாரோ இதைப் பெருமையாக எடுத்துச் சொன்னார்கள். லிட்மஸ் மிஸ் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுக்கெல்லாம் தனியா மார்க் கிடையாதும்மா" என்றார்.

இரண்டு பிரிவுக்கும் அறிவியல் அறை ஒன்றுதான். அவர் முடித்து வெளியே வர, நான் உள்ளே போவேன். முதல் வாரத்திலேயே ஒருநாள் கரும்பலகை முழுக்க அவர் எழுத்து. கீழே கட்டம் கட்டி, 'அழிக்காதே'. எனக்கு எழுத இடம் வேண்டும். அழித்தேன்.

மறுநாள் காலை, எல்லாரும் இருக்கும்போது கேட்டார். "போர்டை அழிச்சது யாரு?"

"நான்தான் மிஸ். எனக்கு எழுத இடமில்ல."

"அதுல ஒரு தப்பு இருந்துச்சு. பாத்தியா?"

"பாக்கல மிஸ்."

"பாக்காமயே அழிச்சிட்ட. குப்பை பெருக்குறவங்ககூட உள்ள ஏதாவது கெடக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் அள்ளுவாங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த வரலாற்று ஆசிரியை, அவளும் என்னைப் போலத் தற்காலிகம்தான், பிறகு விளக்கினாள். ஒவ்வொரு பாடத்திலும் லிட்மஸ் மிஸ் வேண்டுமென்றே ஒரு தப்பு போடுவார். எங்கே என்று சொல்லமாட்டார். முகத்திலும் காட்டமாட்டார். கண்டுபிடித்த பிள்ளை "தப்பு மிஸ்!" என்று எழுந்தால் சாக்பீஸை அதன் கையில் கொடுப்பார். பிள்ளை பலகையில் திருத்திவிட்டு, மணி அடிக்கும் வரை அவருடைய நாற்காலியில் உட்காரலாம். அவர் நிற்பார். யாரும் பிடிக்காவிட்டால் தப்பு மறுநாள் வரை பலகையிலேயே கிடக்கும். சரியாக இருப்பதைத் தப்பு என்று சொன்னவர்களுக்கு அன்று முழுக்க அர்ச்சனை. அதனால் 'ஏ' பிரிவில் யாரும் அவரைப் பார்க்காமல் பாடம் கேட்பதே இல்லை. எலி வளையின் வாசலில் பூனை உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

"எங்க பையனுக்கு டீச்சரே தப்பா சொல்லித் தர்றாங்க" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்திருக்கிறார். "கண்டுபிடிக்காதது உங்க பையன் தப்பு. அதையும் என் கணக்குல எழுதாதீங்க" என்று மிஸ் அவரை அனுப்பிவிட்டாராம். தலைமை ஆசிரியை பதவி இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனதற்குக் காரணம் கேட்டால், எல்லாரும் அவர் வாயைத்தான் சொன்னார்கள்.

அவருடைய சொந்த வாழ்க்கை எனக்கு வாசல் வரைதான் தெரியும். தினமும் காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். சாது மனிதர். "சாயங்காலம் எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்பார். "நேத்து எத்தனை மணிக்கு வந்தீங்களோ அத்தனை மணிக்கு" என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடப்பார் மிஸ். சாக்பீஸ் பட்டு விரல் நுனிகள் வெடித்திருக்கும். அதற்காகச் சாக்பீஸில் காகிதம் சுற்றிப் பிடிப்பார். மதியச் சாப்பாடு எங்களோடு இல்லை. ஆய்வகத்தில், 'இங்கு உண்ணக் கூடாது' என்று அவரே எழுதி ஒட்டிய அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து, தனியாகச் சாப்பிடுவார்.

அந்த வருடம் நடுவில்தான் புதுத் தாளாளர் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆசிரியர் கூட்டத்தில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டினார். அடுத்த கல்வியாண்டிலிருந்து எல்லா வகுப்பறையிலும் திரை. ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளியிலேயே சிறந்த ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் நடத்துவதைப் பதிவு செய்து, எல்லாப் பிரிவுகளிலும் அதையே போடுவது.

"நல்ல டீச்சர் ஒரு பிரிவுக்கு மட்டும்னா, மத்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அதுதான் என்னைக் குத்தியது. என் 'பி' பிரிவின் மதிப்பெண்கள் 'ஏ' பிரிவைவிட எப்போதும் கீழேதான். அதற்கு நான் மனதுக்குள் வைத்திருந்த சமாதானங்கள் எதுவும் இருட்டில், அந்த வெளிச்சத்துக்கு முன்னால், எழுந்து நிற்கவில்லை.

அடுத்த படத்தில் பாடம், பிரிவு, பொறுப்பு என்று கட்டங்கள். வேதியியல் 'ஏ'வுக்கு நேராக மிஸ்ஸின் பெயர். 'பி'க்கு நேராக 'மேற்பார்வை உதவியாளர் போதும்'. என் பெயரை மேலும் கீழும் தேடினேன். வரலாற்று ஆசிரியை என் முழங்கையை இடித்தாள். அவள் பெயரும் இல்லை.

"உங்களைத்தான் மிஸ் வேதியியலுக்குத் தேர்ந்தெடுத்திருக்கோம்" என்றார் தாளாளர், பரிசு கொடுக்கிற முகத்தோடு.

"யாரைக் கேட்டு?" என்றார் லிட்மஸ் மிஸ். "உயிரோட இருக்கும்போதே சுவத்துல படமா மாட்டப் பாக்குறீங்களா?"

யாரோ சிரித்து, இருமி மறைத்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர் என்னைத் தாண்டிப் போனார். போகிறவர் நின்று, "வேலை போகப்போகுதுன்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. இருக்கறப்பவும் பெருசா ஒண்ணும் நடந்திடல" என்றார்.

அன்று வீட்டில் சொன்னேன். அம்மா தையல் ஆலையில் வேலை செய்கிறாள். துணி வெட்டும் யந்திரம் வந்தபோது அவளோடு இருந்த பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். "எங்களுக்கும் இப்படித்தான்டி, மீட்டிங் போட்டு டீ குடுத்தாங்க" என்றாள். அப்பா சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "படிச்ச வேலைக்கு மிஷின் வராதுன்னுதானம்மா உன்னைப் படிக்க வெச்சோம்" என்றார். கேட்டது என்னையா, வேறு யாரையாவதா என்று தெரியவில்லை.

திட்டத்துக்கு முன்னோட்டமாக ஒரு பாடத்தைப் பதிவு செய்து 'பி' பிரிவில் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அது சரியாக அமைந்தால் அடுத்த ஆண்டு எனக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டர் சார் காமிராவை 'ஏ' பிரிவின் பின்வரிசையில் நிறுத்தினார். அவர் நல்ல மனிதர்தான். அவரிடம் சொல்லப்பட்ட விதிகள் இரண்டு: எந்தப் பிள்ளையின் முகமும் படத்தில் தெரியக் கூடாது, பாடம் இழுக்காமல் சுருக்கமாக இருக்க வேண்டும். மிஸ் காமிராவைத் திரும்பியும் பார்க்காமல் வழக்கம்போல் நடத்தினார்.

"பாதிக்கு மேல திட்டுதான் டீச்சர்" என்று கம்ப்யூட்டர் சார் என்னிடம் புலம்பினார். "'ஜன்னல்ல என்ன சினிமாவா ஓடுது'ங்குறாங்க, 'உன் மூளைய வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு வந்தியா'ங்குறாங்க. நடுநடுவுல எதுவும் பேசாம சும்மா நிக்குறாங்க. வெட்டி வெட்டி என் கண்ணு போச்சு."

வெட்டி முடித்ததைப் பார்க்கும்படி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறார். "என் மூஞ்சியக் கண்ணாடியில பாக்குறதே போதும்" என்றுவிட்டாராம்.

முன்னோட்டத்துக்கு முதல் நாள், ஒருமுறை ஓட்டிப் பழகிக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். காலியான அறிவியல் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதற்குச் சமன்பாடு. தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டாக வருவதால் கணக்கு இடிக்கும். தண்ணீருக்கு முன்னால் ஓர் இரண்டும், ஹைட்ரஜனுக்கு முன்னால் ஓர் இரண்டும் போட்டுச் சரிசெய்ய வேண்டும். திரையில் மிஸ் என்ன செய்தார் என்றால், தண்ணீருக்குள்ளேயே கைவைத்தார். ஆக்சிஜன் பக்கத்தில் ஒரு குட்டி இரண்டை எழுதினார். எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் அது இனி தண்ணீர் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற மருந்து.

"ரெண்டு பக்கமும் சமம். சரியா?" என்று கேட்டார் திரையில் மிஸ். உடனே அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பார்த்ததும் புரிந்தது. அந்த "சரியா?"வுக்குப் பிறகு அவர் பேசாமல் நின்றிருப்பார். அது வெற்று நேரம் என்று வெட்டுப்பட்டது. ஒரு பிள்ளை "தப்பு மிஸ்!" என்று கத்தியிருக்கும். அது சத்தம் என்று வெட்டுப்பட்டது. பிள்ளை முன்னால் வந்து திருத்தியிருக்கும். முகம் தெரிகிறது என்று அதுவும் போனது. எல்லாக் குப்பையையும் அள்ளிய பிறகு மிஞ்சியது அந்தத் தப்பு மட்டும்தான்.

ஆய்வகத்துக்குப் போனேன். மிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், உங்க வீடியோவுல..."

"என் வீடியோவா? அது கம்ப்யூட்டர் சாரோடது. உன் வேலை பிளக்கை மாட்டுறது. போய் மாட்டு."

வந்துவிட்டேன். அவர்தான் சொல்ல விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டர் சார் பக்கத்து அறையில்தான் இருந்தார், அவரிடமும் போகவில்லை. நாளை எல்லார் முன்னிலும் அந்தத் தப்பு ஓடும், மிஸ் முகம் சிவக்கும், திட்டம் கவிழும், என் வேலை தங்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மறுநாள் அறிவியல் அறையில் கரும்பலகையின் மேலேயே திரையை மாட்டிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு முழம் கரும்பலகை மிச்சம். ஜன்னல்களுக்குத் தடித்த துணி. பின்னால் தாளாளர், தலைமை ஆசிரியை, கம்ப்யூட்டர் சார், எல்லாருக்கும் கடைசியில் லிட்மஸ் மிஸ். நான் கையில் ரிமோட்டோடு முன்னால் நின்றேன். "நடுவுல எங்கயும் நிறுத்திடாதீங்க டீச்சர். தண்ணி மாதிரி ஓடணும்" என்று கம்ப்யூட்டர் சார் சொல்லியிருந்தார்.

திட்டெல்லாம் போய்விட்டதால் திரையில் மிஸ் தேவதை மாதிரி பேசினார். "மிஸ்ஸுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாடி?" என்று இரண்டாம் வரிசையில் ஒருத்தி குசுகுசுத்தாள். தாளாளர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார்.

அந்த இடம் வந்தது. குட்டி இரண்டு வந்தது. "ரெண்டு பக்கமும் சமம். சரியா?"

முன்வரிசையில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண் உண்டு. எல்லாரும் அவளைச் சோடாபுட்டி என்பார்கள். 'ஏ' பிரிவின் விளையாட்டு அவளுக்குத் தெரியும். எத்தனையோ நாள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அவள் கையைத் தூக்கினாள். என்னைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து.

"தப்பு மிஸ்!"

திரையில் மிஸ் அடுத்த சமன்பாட்டைத் தொடங்கியிருந்தார். வகுப்பு சிரித்தது.

"மிஸ், தப்பு மிஸ்!"

"உக்காரும்மா" என்றார் தாளாளர் பின்னாலிருந்து. "சந்தேகமெல்லாம் கடைசில கேக்கலாம்."

உட்கார்ந்தாள். தன் நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, நோட்டில் சரியாக எழுதி வைத்திருந்ததை அழிக்க ஆரம்பித்தாள்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து வரை சிவப்போடு. ரிமோட்டை அழுத்தினேன். மிஸ் திரையில் வாயைத் திறந்தபடி நின்றார்.

"நிறுத்தாதீங்க டீச்சர்!" என்றார் கம்ப்யூட்டர் சார்.

"அவ சொன்னது சரி சார்" என்றேன். சாக்பீஸை எடுத்துச் சோடாபுட்டியிடம் கொடுத்தேன். மிஞ்சிய அந்த ஒரு முழப் பலகையில், இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி, அவள் சரியான சமன்பாட்டை எழுதினாள்.

தாளாளருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் திரும்பினார். "என்ன மிஸ் இது? பாடமே தப்பா? இத்தனை வருஷமா இப்படித்தான் நடத்துறீங்களா?"

லிட்மஸ் மிஸ் எழுந்து நின்றார். சிவப்பு நெற்றியைத் தொட்டுவிட்டது.

"ஆமா. இப்படித்தான்."

தலைமை ஆசிரியைக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அவர் தன் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அப்ப இந்தத் திட்டத்தையே..." என்று தாளாளர் ஆரம்பித்தார். நான் நினைத்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"சார், அது வேணும்னே போட்ட தப்பு" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்காகப் போடுவது, கண்டுபிடித்ததும் திருத்துவது, திருத்திய இடம் வெட்டுப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

தாளாளர் கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தார். "பிள்ளைங்க முகம் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் அவர், அழுகிற குரலில்.

"அவ்வளவுதானா?" தாளாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுலபம். காலி கிளாஸ்ல, தப்பு கிப்பு இல்லாம, திரும்ப எடுத்துடலாம். நல்ல வேளை சொன்னீங்க டீச்சர். ரொம்ப நன்றி."

என் வேலைக்கு நானே முடிவு கட்டியதற்கு, எல்லார் முன்னிலும் நன்றி வாங்கிக்கொண்டு நின்றேன்.

"காலி பெஞ்சுக்கா?" என்றார் லிட்மஸ் மிஸ். "மாட்டேன்."

"மிஸ், இது நிர்வாக முடிவு."

"நிர்வாகமே வந்து பெஞ்சுல உக்காரட்டும், நடத்துறேன். நடுவுல தப்பு போடுவேன். கண்டுபிடிச்சாத்தான் வெளிய விடுவேன்."

அரையிருட்டில் பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை.

அன்று மாலையே மிஸ்ஸுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதில் தேதி தப்பு. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். வருடக் கடைசியில், ஒன்பதாம் வகுப்போடு அவர் எடுத்துவந்த பொதுத்தேர்வு வகுப்பை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். வேதியியல் மட்டும் 'அடுத்த கட்டத்தில்' என்று தள்ளிப் போனது. எனக்கு இன்னும் ஒரு வருடம் என்றார்கள். வரலாற்றுக்கு அப்படி 'மாட்டேன்' என்கிற ஒருவர் இல்லை. பதிவு ஒழுங்காக முடிந்தது, என் தோழியை அனுப்பிவிட்டார்கள். அந்த வீடியோக்களை நான் பார்த்திருக்கிறேன். மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. சில பிள்ளைகளுக்கு அவள் நடத்தியதைவிட நன்றாகவே புரிகிறது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

முன்னோட்டம் முடிந்த அன்று, நடைபாதையில் மிஸ் என்னை வழிமறித்தார்.

"உன்னை யாரு எனக்கு வக்காலத்து வாங்கச் சொன்னது?"

"உங்களுக்காகச் சொல்லல மிஸ்."

"பின்ன யாருக்கு?"

நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

"நேத்து சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னியே, அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும். நீங்கதான் சொல்ல விடல."

"நான் விடலைன்னா நீயும் விட்டுடுவியா? வேடிக்கை பாக்கலாம்னுதான் இருந்த. அந்தப் பொண்ணு ரப்பரை எடுத்திருக்கலைன்னா கடைசி வரைக்கும் பாத்திருப்ப."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மையா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பாதி உண்மை என்று நினைக்கிறேன். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

திரையை யாரும் கழற்றவில்லை. மிச்சமிருந்த அந்த ஒரு முழப் பலகைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். அடுத்த வாரம் நான் உள்ளே போனபோது, அந்தத் துண்டு முழுக்க அவர் எழுத்து. கீழே இருக்கிற கொஞ்ச இடத்தில் கட்டம் கட்டி, 'அழிக்காதே'. டஸ்டரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தப்பைத் தேடினேன். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. தப்பே இல்லை. பிள்ளைகள் பின்னால் காத்திருந்தார்கள்.

வாசலில் குரல் கேட்டது. "என்ன, தேடுறியா?"

"தப்பு எதுவும் இல்லையே மிஸ்."

"இல்லதான். நான் போட்டதை 'ஏ' பிள்ளைங்க அப்பவே பிடிச்சுத் திருத்திட்டாங்க. சும்மா இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

அவரைப் பார்த்துக்கொண்டே டஸ்டரை எடுத்து, ஒரு மூலையும் விடாமல் அழித்தேன். கழுத்திலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. அது நெற்றிக்குப் போய்ச் சேரும் முன் அவருக்கு முதுகைக் காட்டி, அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதினேன்.